அணுவைப் பிளந்த பின்னும் அணுவாதம் நிற்கிறதா?

கேள்வி இது: "எல்லாப் பொருளும் பிளக்க முடியாத துகள்களால் ஆனது என்று கணாதரும் டெமாக்ரிட்டஸும் அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டார்கள் என்கிறார்கள். ஆனால் அணுவைத்தான் பிளந்தாயிற்றே. அப்படியானால் அவர்கள் சொன்னது தப்பா? இல்லை, குவார்க், எலக்ட்ரான் என்று போகும்போது அது மறுபடி சரியாகிவிடுகிறதா? கடைசித் துகள் இதுதான் என்று எப்படி உறுதி செய்வது?" ஒரே மூச்சில் கேட்டிருந்தாலும் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பழையவர்கள் சொன்ன அணுவும் வேதியியல் பாடத்தில் வரும் அணுவும் ஒன்றா என்பது முதலாவது. 'பிளக்க முடியாது' என்பதற்கு என்ன பொருள் என்பது இரண்டாவது. அப்படி ஒன்று இருந்தால் அதைச் சோதனையால் காட்ட முடியுமா என்பது மூன்றாவது. நடுவில் இருக்கும் கேள்வியைத் தீர்க்காமல் மற்ற இரண்டையும் தொட முடியாது. இந்த விஷயத்தில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை, இரண்டு பேரும் ஒரே சொல்லை வேறு வேறு பொருளில் பிடித்துக்கொண்டு இழுப்பதால் வருபவை.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழில் 'அணு' என்பது மிகச் சிறியது என்ற பொதுச்சொல். கணாதர் வழிவந்த இந்தியத் தத்துவப் பள்ளியினரான வைசேஷிகர்களின் பரமாணுவுக்கும், டெமாக்ரிட்டஸின் 'வெட்ட முடியாதது' என்ற கிரேக்கச் சொல்லுக்கும், ஹைட்ரஜன், இரும்பு என்று அட்டவணையில் இருப்பதற்கும் நாம் இந்த ஒரே சொல்லைப் போட்டுவிட்டோம். ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1800களின் தொடக்கத்தில் ஜான் டால்டன் தன் வேதியியல் அலகுக்குப் பழைய கிரேக்கப் பெயரை எடுத்து வைத்தார். பின்னால் அந்த அலகு உடைந்தபோது, பெயர் வைத்ததில் இருந்த அவசரம்தான் வெளிப்பட்டது. டெமாக்ரிட்டஸ் கண்ணோட்டத்தில் பார்த்தால், உடைகிற பொருள் அவர் சொன்ன அணுவே அல்ல. அது அணுக்களின் இன்னொரு திரள். ஆகவே, 'அணுவைப் பிளந்ததால் அணுவாதம் செத்தது' என்ற வாதம் மட்டும் நிச்சயமாகத் தவறு. அணுவாதத்துக்கு வந்த உண்மையான சோதனைகள் வேறு.

முதலில், இப்படி ஒரு பொருளை ஏன் நினைக்க வேண்டி வந்தது? கிரேக்கத்தில் பார்மெனிடீஸ் என்பவர் ஒரு முட்டுக்கட்டை போட்டார். இருப்பது இல்லாமல் போகாது, இல்லாததிலிருந்து எதுவும் வராது. ஆகவே மாற்றம் என்பதே பொய்த் தோற்றம் என்றார். கண்ணெதிரே மரம் முளைக்கிறது, எரிகிறது, சாம்பலாகிறது. இரண்டையும் எப்படிக் காப்பாற்றுவது? கி.மு. 5ஆம் நூற்றாண்டில் லூசிப்பஸும், அவரை அடுத்து அப்தேரா ஊரைச் சேர்ந்த டெமாக்ரிட்டஸும் சொன்ன வழி: அழியாத, மாறாத சின்னஞ்சிறு திண்மங்கள் உண்டு; அவை நகர வெற்றிடம் உண்டு; நாம் மாற்றம் என்று சொல்வதெல்லாம் அவை சேர்வதும் பிரிவதும்தான். அவற்றுக்குள் வேறுபாடு மூன்றே மூன்று வகை என்று அவர்கள் சொன்னதாக அரிஸ்டாட்டில் எழுத்துகளை வைத்து விளக்குகிறார். நம் எழுத்தில் சொன்னால், ப வேறு ட வேறு, அது வடிவம். 'பட' வேறு 'டப' வேறு, அது வரிசை. ஒரே எழுத்தை நிமிர்த்தி வைப்பதும் படுக்க வைப்பதும் வேறு, அது கிடை. நிறம், சுவை, சூடு எதுவும் அணுவுக்கு இல்லை. அவை நம் புலனோடு சேரும்போது தோன்றுபவை.

இது மாற்றத்திலிருந்து வந்த வாதம். பகுப்பிலிருந்து வந்த இன்னொரு வாதமும் உண்டு, அதுதான் கூர்மையானது. ஒரு பொருளை எங்கெல்லாம் வெட்டலாமோ அங்கெல்லாம் வெட்டிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். என்ன மிஞ்சும்? நீளம் உள்ள துண்டு மிஞ்சினால் நீங்கள் இன்னும் வெட்டி முடிக்கவில்லை. நீளமே இல்லாத புள்ளிகள் மிஞ்சினால், அவற்றை எத்தனை சேர்த்தாலும் பழைய நீளம் வராது. ஒன்றுமில்லாததைக் கூட்டி ஒரு பொருளைச் செய்தது போல் ஆகும். ஆகவே வெட்டு எங்கோ நின்றாக வேண்டும். இதற்கு அரிஸ்டாட்டில் சொன்ன மறுப்பு இன்றும் படிக்கத் தகுந்தது: எந்த இடத்திலும் வெட்டலாம் என்பது வேறு, எல்லா இடத்திலும் ஒருசேர வெட்டி முடித்தாயிற்று என்பது வேறு. முதலாவது உண்மை என்பதால் இரண்டாவதும் உண்மையாகிவிடாது.

கையில் 30 சென்டிமீட்டர் நீளக் காகிதத் துண்டு ஒன்றை வைத்து இதை எண்ணிப் பார்க்கலாம். பாதியாக வெட்டி, ஒரு பாதியை எறிந்துவிட்டு, மற்றதை மறுபடி பாதியாக்க வேண்டும். 8ஆவது வெட்டில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம் மிஞ்சும். கத்தரிக்கோல் அங்கேயே திணறும். 13ஆவது வெட்டில் ஒரு மில்லிமீட்டரில் 25இல் ஒரு பங்குக்கும் குறைவு, கிட்டத்தட்டக் காகித நார் ஒன்றின் பருமன். அதற்குக் கீழே உங்களிடம் இருப்பது நார்தானே தவிரக் காகிதம் இல்லை. 19ஆவது வெட்டில் துண்டு ஒளியின் அலைநீளத்துக்கு இறங்கிவிடும். சாதாரண நுண்ணோக்கி கைவிட்டுவிடும். 28ஆவதில் ஒரு நானோமீட்டர், அதாவது செல்லுலோஸ் சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கண்ணி. 31ஆவதில் வேதியியல் அணு. 47ஆவதில் ஒரு புரோட்டான் அளவு. 58ஆவதில், ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்து அதில் ஒன்றை மறுபடி நூறு கோடியாகப் பிரித்த அளவு. இன்றைய துகள் முடுக்கிகள் உள்ளே எட்டிப் பார்க்கும் எல்லை ஏறத்தாழ அதுதான். முடிவில்லாத பகுப்பு என்று நாம் வாயால் எளிதாகச் சொல்கிறோம். கையால் போனது 58 படிதான்.

இந்தக் காகிதத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் வெட்டு நிற்கும் காரணம் வேறாக இருப்பதைக் கவனியுங்கள். 8ஆவதில் கருவி போதவில்லை. 31ஆவதில் இன்னும் வெட்டலாம், ஆனால் வெட்டினால் அது கார்பனாகவோ ஆக்சிஜனாகவோ இருக்காது, வகை மாறிவிடும். அதையும் தாண்டி, எந்தக் கருவிக்கும் எந்த ஆற்றலுக்கும் இடம் கொடுக்காமல் இயற்கையே நிறுத்துகிற இடம் ஒன்று இருக்கலாம். இதற்கெல்லாம் அப்பால், மனத்தாலும் 'இது இடப்பாதி, இது வலப்பாதி' என்று பிரிக்க முடியாத ஒன்று இருக்கலாம். கருவியால் முடியாதது, வகை கெடாமல் முடியாதது, இயற்கை விதிப்படி முடியாதது, நினைப்பாலும் முடியாதது என்று இந்த நான்கையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் பழைய நூல்களும் புதிய இயற்பியலும் பாதி தெளிந்துவிடும். டால்டனின் அணு இரண்டாம் வகை. டெமாக்ரிட்டஸின் அணு மூன்றாம் வகை என்றுதான் நான் படிக்கிறேன். நான்காவதும் சேர்ந்தது என்று வாதிடுவோரும் உண்டு. அவர் எழுதியவற்றில் துணுக்குகள்தான் மிஞ்சியிருக்கின்றன, பெரும்பாலும் அவரோடு ஒத்துப்போகாத அரிஸ்டாட்டில் வழியாகவே அவரை அறிகிறோம் என்பதால் இந்தத் தகராறு முடியப்போவதில்லை. பின்னால் வந்த கிரேக்க அணுவாதி எபிகியூரஸுக்கு (கி.மு. 341–270) இந்த வேறுபாடு நன்றாகவே தெரிந்திருந்தது. அணுவை வெட்ட முடியாது. ஆனால் அணுவுக்கு வடிவம் இருப்பதால் அதற்குள் மிகச் சிறு அளவுகள் உண்டு, அவை தனியே பிரிந்து இருக்க மாட்டா என்றார். வெட்ட முடியாதது ஒன்று, நினைப்பில் மேலும் குறையாதது இன்னொன்று என்று இரண்டாகப் பிரித்துவிட்டார். அணுவாத வரலாற்றில் இதை நான் பெரிய முன்னேற்றம் என்பேன். பொதுவாக இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

இனி இந்தியப் பக்கம். கணாதர் எந்த நூற்றாண்டு என்று உறுதி செய்யும் சான்று கிடையாது. '2,600 ஆண்டுகளுக்கு முன்' என்று நறுக்கென்று எண் போடுபவர்களை நம்ப வேண்டாம். கிரேக்கத்திலிருந்து இங்கே வந்தது, இங்கிருந்து அங்கே போனது என்ற இரண்டுக்கும் நேரடிச் சான்று இல்லை. கொள்கை மட்டும் தெளிவாக இருக்கிறது. நிலம், நீர், தீ, காற்று என்று நால்வகைப் பரமாணுக்கள், அவை நித்தியம். இரண்டு பரமாணு சேர்ந்தால் துவியணுகம், மூன்று துவியணுகம் சேர்ந்தால் திரியணுகம் அல்லது திரசரேணு. சாளரத்தின் வழியே விழும் வெயில் கற்றையில் மிதக்கும் தூசிதான் திரசரேணு, கண்ணுக்குத் தெரிவதில் மிகச் சிறியது அதுவே. அப்படியானால் ஒரு தூசியில் ஆறு பரமாணு. ஏன் இப்படிச் சுற்றி வளைத்தார்கள்? அவர்களுக்கு ஒரு கணக்குச் சிக்கல் இருந்தது. காரணத்தின் அளவு காரியத்தில் அதே இனத்து அளவை மிகுத்துத் தரும் என்பது அவர்கள் விதி. பெரியதோடு பெரியது சேர்ந்தால் இன்னும் பெரியது. அந்தப்படி நுண்மையோடு நுண்மை சேர்ந்தால் இன்னும் நுண்மைதான் வர வேண்டும், பருமன் வராது. ஆகவே பருமனை உண்டாக்குவது அணுவின் அளவு அல்ல, எண்ணிக்கை என்றார்கள். இரண்டு என்ற எண் துவியணுகத்தின் நுண்மையைத் தருகிறது, மூன்று என்ற பன்மை முதல் பருமனைத் தருகிறது. கண்ணுக்குத் தெரியாதவற்றைக் கூட்டினால் தெரிவது எப்படி வரும் என்ற கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொண்ட விடை இது.

எண்ணிக்கை மட்டும் பெரிதும் தவறு. பத்து மைக்ரோமீட்டர் தூசி ஒன்றைக் கனசதுரமாக வைத்துக்கொண்டால், திண்மப் பொருளில் ஒரு கன சென்டிமீட்டருக்கு இருக்கும் அணுக்களின் எண்ணிக்கையை வைத்துப் போட்டால், அதில் சுமார் 50 லட்சம் கோடி வேதியியல் அணுக்கள் வரும். ஆறு எங்கே, அது எங்கே. இதைச் சொல்வது குறைத்துப் பேசுவதற்கு அல்ல. அவர்களுடைய ஆறு, அளந்து கிடைத்த எண்ணாக இருக்கவில்லை, தர்க்கம் கேட்ட எண்ணாக இருந்தது என்பதைக் காட்டத்தான். வெயில் கற்றைத் தூசி இன்னொரு இடத்திலும் வருகிறது. கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ், அந்தத் தூசி துள்ளுவதைக் கண்ணுக்குத் தெரியாத அணுக்களின் ஓட்டத்துக்குச் சான்றாகக் காட்டினார். அவர் பிரௌனியன் அசைவை, அதாவது மூலக்கூறுகள் மோதுவதால் நுண்துகள் ஆடும் ஆட்டத்தை, கண்டுவிட்டார் என்று சொல்வார்கள். அந்தத் தூசியில் நாம் வெறுங்கண்ணால் பார்க்கும் ஆட்டம் பெரும்பாலும் காற்றோட்டத்தால் வருவது. சிந்தனை சரி, காட்டிய சான்று பொருந்தாது.

வைசேஷிகத்துக்கும் டெமாக்ரிட்டஸுக்கும் ஆழமான வேறுபாடு குணத்தில்தான் இருக்கிறது. அங்கே அணுவுக்கு நிறமும் மணமும் இல்லை. இங்கே நில அணுவுக்கு மணமே அடையாளம், நிறமும் சுவையும் உண்டு. அதனால் சுடாத பச்சைமண் பானை சூளையில் வெந்து சிவப்பாவது இவர்களுக்குப் பெரிய கேள்வியாகிவிட்டது. பானை அணு அணுவாகப் பிரிந்து, தனி அணுவில் பழைய நிறம் போய்ப் புது நிறம் வந்து, மறுபடி பானையாகச் சேர்கிறது என்பது வைசேஷிகர் கட்சி. சூளைக்குள் எட்டிப் பார்த்தால் பானை பானையாகத்தானே நிற்கிறது, எப்போது பிரிந்தது என்று, வைசேஷிகத்தோடு நெருங்கிய நியாயம் என்ற தத்துவப் பள்ளிக்காரர்கள் கேட்டார்கள். முழுப் பானையே நிறம் மாறுகிறது என்றார்கள். இந்த ஒரு விஷயத்தில் இன்றைய இயற்பியல் டெமாக்ரிட்டஸ் பக்கம் நிற்கிறது. தனியான ஒரு தங்க அணு மஞ்சளாக இருக்காது. பத்திருபது நானோமீட்டர் தங்கத் துகள்களை நீரில் கலந்தால் சிவப்பாகத் தெரியும். நிறம் திரளுக்கும் அமைப்புக்கும் உரியது.

சமணர் அணு இன்னொரு வகை. நிலம், நீர் என்று பரமாணுவில் சாதிப் பிரிவே இல்லை, எல்லாம் புத்கலம், அதாவது ஒரே சடப்பொருள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு சுவை, ஒரு மணம், இரண்டு ஊறு (தொடுவுணர்வு). பசைத்தன்மையும் வறட்டுத்தன்மையும் ஒன்றையொன்று பிடிப்பதால் திரள் உண்டாகிறது. ஆசீவகர் என்ற பழைய சமயத்தாரின் அணுவைப் பௌத்தக் காப்பியமான மணிமேகலையில் சமயவாதிகள் பேசும் பகுதியில் படிக்கலாம். நால்வகை அணுவோடு உயிரையும் சேர்த்து ஐந்து பொருள் என்கிறார்கள். அங்கே எனக்கு மிகவும் பிடித்தது இரண்டு வரிகளின் செய்தி. அணு இரண்டாகப் பிளப்பதும் இல்லை, அவல் போலத் தட்டையாகப் பரவுவதும் இல்லை என்கிறது. வெறுமனே 'உடையாது' என்று விட்டிருந்தால் போதாது. உடையாமலே நசுங்கும் பொருளும் உண்டு. நசுங்கினால் வடிவம் மாறும், மாறினால் அது மாறாப் பொருள் ஆகாது. அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். அடுத்து, தனி அணு தெரியாமல் திரள் மட்டும் தெரிவதற்கு அவர்கள் சொல்லும் உவமை: மாலை மங்கலில் ஒற்றை மயிர் தெரியாது, மயிர்க்கற்றை தெரியும். இதையும் எதிர்த்தரப்பின் நூலில்தான் படிக்கிறோம், ஆசீவகரின் சொந்த நூல்கள் நமக்குக் கிடைக்கவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரி வந்த ஒரு வாதம் உண்டு, இரண்டு நாட்டிலும் அது பிழைதான். பகுப்புக்கு முடிவே இல்லை என்றால் மலையிலும் எண்ணற்ற பகுதி, கடுகிலும் எண்ணற்ற பகுதி. ஆகவே மேருவும் கடுகும் சமமாகிவிடும் என்றார்கள் நியாய வைசேஷிகர். மிகச் சிறியதற்கும் முழு உலகத்துக்கும் வேறுபாடு இல்லாமல் போகும் என்றார் லுக்ரீஷியஸ். பகுதிகளின் எண்ணிக்கையும் அளவும் ஒன்றையொன்று நிர்ணயிக்கும் என்ற நம்பிக்கை இதற்கு அடியில் இருக்கிறது. 1870களில் கணிதவியலர் கான்டோர் காட்டியது இதைக் கவிழ்க்கிறது: ஒரு கோட்டுத் துண்டில் எத்தனை புள்ளியோ, ஒரு முழுச் சதுரத்திலும் அத்தனையே. எண்ணிக்கை சமம், அளவு சமமில்லை, இதில் முரணும் இல்லை. அரை, கால், அரைக்கால் என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனாலும் ஒன்றைத் தாண்டாது என்பதைப் பள்ளிக் கணக்கிலேயே பார்க்கிறோம். எனவே பகுப்பு நின்றே ஆக வேண்டும் என்பதைத் தர்க்கத்தால் மட்டும் நிறுவ முடியாது. நிற்காது என்பதையும் தர்க்கத்தால் மட்டும் நிறுவ முடியாது.

எதிர்த்தரப்பு வாதங்களில் இரண்டு தரமானவை. 4–5ஆம் நூற்றாண்டுப் பௌத்தர் வசுபந்து கேட்டது: ஓர் அணுவைச் சுற்றி ஆறு திசையிலும் ஆறு அணுக்கள் வந்து ஒட்டினால், கிழக்கே ஒட்டிய இடமும் மேற்கே ஒட்டிய இடமும் ஒன்றா வேறா? வேறு என்றால் அணுவுக்கு ஆறு பகுதி. ஒன்று என்றால் ஆறும் ஒரே இடத்தில் புகுந்து, எத்தனை சேர்த்தாலும் திரள் ஓர் அணு அளவைத் தாண்டாது. நான்காம் வகை அணுவுக்கு, அதாவது நினைப்பாலும் பகுக்க முடியாததற்கு, இது பெரிய அடி. மூன்றாம் வகைக்கு இது ஒன்றும் செய்யாது; பக்கங்கள் இருந்துவிட்டுப் போகட்டும், பிரியாமல் இருந்தால் போதும்.

இன்னொன்றை நீங்களே கட்டத்தாளில் செய்து பார்க்கலாம். இடமே அணு அணுவாக அமைந்தது, நீளம் என்பது அணுக்களின் எண்ணிக்கை என்று வைத்துக்கொண்டு, பக்கத்துக்கு 10 கட்டம் உள்ள ஒரு சதுரம் வரையுங்கள். பக்கத்தில் 10 கட்டம். மூலைவிட்டத்தில் வரும் கட்டங்களை எண்ணினால் அதுவும் 10. ஆனால் கட்டம் ஒரு சென்டிமீட்டர் என்றால் அளவுகோல் மூலைவிட்டத்துக்கு 14.1 சென்டிமீட்டர் காட்டும். கட்டத்தைச் சிறிதாக்கினால் சரியாகும் என்று தோன்றும்; ஆகாது. 1,000 கட்டம் போட்டாலும் மூலைவிட்டத்தில் 1,000தான். பிழை கொஞ்சங்கூடக் குறையாது. இஸ்லாமிய இறையியலாளர்களில் அணுவாதிகளாக இருந்தவர்களை எதிர்த்துத் தத்துவ அறிஞர் இப்னு சீனா இந்த வாதத்தை வைத்தார். 1949இல் கணிதவியலர் ஹெர்மன் வைல் இதையே மறுபடி எடுத்துச் சொன்னார். சதுரக் கட்டமாக ஒழுங்காக அடுக்கிய இடத்தை இது வீழ்த்துகிறது. ஒழுங்கில்லாமல் சிதறிய புள்ளிகளால் ஆன இடத்தை இது தொடாது. இன்றைய சில கோட்பாடுகள் அந்த வழியாகத்தான் போகின்றன.

அணு உண்டு என்பதற்கு வேதியியல் தந்த சான்று முழு எண்கள். 3 கிராம் கார்பன் ஒரு சேர்மத்தில் 4 கிராம் ஆக்சிஜனைப் பிடிக்கிறது, இன்னொன்றில் 8 கிராம். இடைப்பட்ட எடைக்கு இடமில்லை. ஆனாலும் 1900 வரையில்கூட அணு வெறும் கணக்குக் கருவிதான் என்று சொன்ன பெரிய ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் வேதியியலர் ஆஸ்ட்வால்ட் போன்றோரின் மனத்தை மாற்றிய சோதனைகளில் முதன்மையானது பிரெஞ்சு இயற்பியலர் ழான் பெரின் 1908 வாக்கில் செய்தது. ஒரு மரப்பிசினை நீரில் குழப்பி, 0.2 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள ஒரே அளவு மணிகளைப் பிரித்தெடுத்து, நுண்ணோக்கியில் உயரம் உயரமாக எண்ணினார். ஒவ்வொரு 30 மைக்ரோமீட்டர் ஏறும்போதும் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியானது: 100, 47, 23, 12. வளிமண்டலக் காற்று பாதியாகச் சுமார் ஐந்தரை கிலோமீட்டர் ஏற வேண்டும். இரண்டும் ஒரே விதிப்படி நடக்கின்றன என்றால், அந்த உயரங்களின் விகிதமே எடைகளின் விகிதம்: மிதப்பைக் கழித்தால் ஒரு மணி, ஒரு காற்று மூலக்கூறைப் போல் சுமார் 18 கோடி மடங்கு எடை. மணியின் எடை தெரியும். மூலக்கூறின் எடை வந்து விழுந்துவிட்டது. வேறு வேறு வழிகளில் கணக்கிட்டவர்களுக்கும் இதை ஒட்டிய விடையே வந்ததால் மறுக்க இடமில்லாமல் போயிற்று. இதன் வேடிக்கை, அப்போது அணு ஏற்கனவே உடையத் தொடங்கியிருந்தது. எலக்ட்ரானை 1897இல் தாம்சன் கண்டுவிட்டார். 1911இல் ரூதர்போர்டு அணுக்கருவை முன்வைத்தார். இருக்கிறதா என்ற வழக்கு முடியும் முன்பே, பிளக்க முடியுமா என்ற வழக்கு தொடங்கிவிட்டது.

அணுக்கரு பிளந்ததைவிடக் கொள்கையை உண்மையில் ஆட்டிப் பார்ப்பவை வேறு மூன்று. முதலாவது, எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான மியூவான் என்ற துகள். இன்று அறிந்தவரை அதற்கு உள்ளுறுப்பு எதுவும் இல்லை, அடிப்படைத் துகள். இருந்தும் சராசரியாக 2.2 மைக்ரோவினாடியில் அழிந்து எலக்ட்ரானும், மின்னூட்டமில்லாத மிக இலேசான துகள்களான நியூட்ரினோக்கள் இரண்டும் தோன்றுகின்றன. அவை மியூவானுக்குள் ஒளிந்திருந்தவை அல்ல. தனி நியூட்ரானும் சராசரியாகச் சுமார் 15 நிமிடத்தில் புரோட்டான், எலக்ட்ரான், எதிர்நியூட்ரினோ என மாறுகிறது. அந்த எலக்ட்ரானும் உள்ளே இருந்து வந்தது அல்ல, அப்போது பிறந்தது. பழைய அணுவாதத்தில் பகுதியில்லாதது என்றால் அழியாதது என்று பொருள். பிரிய ஒன்றுமில்லாததற்கு அழிவு எப்படி வரும் என்று கேட்டார்கள். பகுதியில்லாததும் அழியும் என்பது இன்று தினமும் அளக்கப்படுகிற செய்தி. கிரேக்கம், வைசேஷிகம், சமணம், ஆசீவகம் நான்கும் இந்த இடத்தில் ஒன்றாக அடிவாங்குகின்றன.

இரண்டாவது, குவார்க். புரோட்டானுக்குள் மூன்று குவார்க் என்று படித்தவர், அதைப் பிய்த்து ஒன்றைத் தனியே எடுக்கலாம் என்று நினைப்பார். இழுக்க இழுக்க ஆற்றல் ஏறுகிறது; ஓர் அளவுக்கு மேல் அந்த ஆற்றலே புதிதாக ஒரு குவார்க், எதிர்க்குவார்க் இணையாகிவிடுகிறது. கையில் கிடைப்பது துண்டு அல்ல, இன்னொரு முழுத் துகள். மூன்றாவது, எடை. துகள்களின் நிறையை அளக்கும் மெகா எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் புரோட்டானின் நிறை 938. அந்த மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால் 9 வருகிறது, நூற்றுக்கு ஒன்று. மிச்சமெல்லாம் அவற்றின் ஓட்டமும் அவற்றைப் பிணைக்கும் புலத்தின் ஆற்றலும். முழுமை என்பது பகுதிகளின் கூட்டு என்ற எண்ணத்தின் மேல்தான் அணுவாதம் நின்றது. இங்கே அது நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் நிற்கிறது.

இன்றைய கோட்பாட்டில் துகள் என்பது மணி போன்ற ஒன்று அல்ல. எங்கும் பரவிய புலம் ஒன்றின் அதிர்வு. எலக்ட்ரான் புலம் ஒன்று, அதன் எண்ணக்கூடிய அதிர்வுகள் எலக்ட்ரான்கள். அப்படியானால் தொடர்ச்சி வென்றது, அணு தோற்றது என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. புலம் தொடர்ச்சியானது, ஆனால் அதிர்வு ஒன்று, இரண்டு என்றுதான் வரும், ஒன்றரை எலக்ட்ரான் கிடையாது. எண்ணிக்கை என்ற அணுவாதத்தின் உயிர் தப்பிவிட்டது. அழியாத மணி என்ற உடல் போய்விட்டது. இது என் கணிப்பு. புலமே அடிப்படையா, துகளே அடிப்படையா என்று தத்துவ அறிஞர்கள் இன்னும் தீர்க்கவில்லை.

'அவர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள்' என்பதற்கு என் விடை: கேள்வியைச் சொல்லிவிட்டார்கள், சில தர்க்கங்களையும் சொல்லிவிட்டார்கள், அளவைச் சொல்லவில்லை. 'அணுவைத் துளைத்து ஏழ்கடலைப் புகட்டி' என்ற வரியை அணுக்கருப் பிளவுக்குச் சான்றாகக் காட்டுவதும் இதே வகைக் கோளாறு. அது திருக்குறளின் செறிவைப் புகழும் உயர்வு நவிற்சி. அதில் இயற்பியல் தேடுவது பாட்டுக்கும் நல்லதில்லை, இயற்பியலுக்கும் நல்லதில்லை.

கடைசிக் கேள்வி, கடைசித் துகளை உறுதி செய்வது. ஒன்றுக்குப் பகுதி உண்டு என்பதைச் சோதனையால் காட்டலாம்: வேகமான துகளை அதன் மேல் மோதவிட்டு, சிதறும் கோணங்களைப் பார்ப்பது. ரூதர்போர்டு கருவைக் கண்டது அப்படித்தான். 1968இல் ஸ்டான்ஃபோர்டில் எலக்ட்ரான்களை மோதவிட்டுப் புரோட்டானுக்குள் புள்ளி போன்றவை இருப்பதைக் கண்டதும் அப்படித்தான். பகுதி இல்லை என்பதை இந்த வழியால் காட்ட முடியாது. எலக்ட்ரான் புள்ளியாகத் தெரிகிறது என்றால், அதற்கு அளவு இருந்தால் அது இந்த எல்லைக்குக் கீழே என்று மட்டுமே பொருள். நுணுக்கமாகப் பார்க்க மேலும் ஆற்றல் வேண்டும். ஒவ்வொரு பாதிக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிளாங்க் நீளம் என்று ஒன்று சொல்வார்கள், மீட்டரில் எழுதினால் புள்ளிக்குப் பின் 34 சுழியம் போட்டு 16. இடத்துக்கே அதுதான் மிகச் சிறிய துண்டு என்று பல இடங்களில் எழுதியிருப்பது நிறுவப்பட்ட செய்தி அல்ல. ஈர்ப்பையும் குவாண்டத்தையும் சேர்த்துப் பேச வேண்டிவரும் எல்லை அது என்பதுவரைதான் கணக்கு சொல்கிறது. அங்கே என்ன இருக்கிறது என்பது ஊகம். நம் காகிதத்தில் அது 114ஆவது வெட்டு. நாம் நிற்பது 58ஆவதில்.